அன்று வியந்தோம், இன்று சிரிக்கின்றோம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

வாத்துருத்தியிலிருந்தும் மட்டாஞ்சேரியிலிருந்தும் வெண்டுருத்திப் பாலம் கடந்தும் வந்து கூடியிருக்கின்ற அன்பர்களே! தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்து, இந்த உரை எப்பொழுது முடியும், நாடகம் எப்பொழுது தொடங்கும் என்று காத்திருக்கின்ற குழந்தைகளே!

எனக்கு முன் பேசியவர்கள் கற்றறிந்தவர்கள். குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் அவர்கள் கூறியதைக் கேட்ட செவிகளுக்கு என் பேச்சு எவ்வளவு சுவைக்கும் என்று நான் அறியேன். நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் வேகன் எண்ணையும் எடையையும் பதிவேட்டில் எழுதுவதே என் தொழில். அப்படிப்பட்டவனைப் பேச அழைத்த செயலாளர் அவர்கள், “உமக்குத் தெரிந்த பொருளில் பேசும்” என்று கூறிவிட்டார். எனக்குத் தெரிந்தது இரண்டே. ஒன்று சரக்கு, மற்றொன்று சினிமா. சரக்கைப் பற்றி இங்கே பேசினால் நாற்காலிகள் காலியாகும். ஆகையால் சினிமாவைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

சினிமா என்றவுடன் முகம் சுளிக்கும் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் பேச எடுத்துக்கொண்டது விஞ்ஞானக் கற்பனைப் படங்கள். வான்கலம், வேற்றுலக மனிதர், இயந்திர மனிதன் ஆகியவை வரும் படங்கள். அத்தகைய பழைய படங்களில் நடித்தவர்களின் நடிப்பை அன்று மக்கள் எவ்வாறு மதித்தனர், பின்னர் எவ்வாறு நகைத்தனர், மீண்டும் எவ்வாறு மதிக்கத் தொடங்குகின்றனர் என்பதே என் பொருள். இதில் நான் செய்த ஒரு பிழையும் அடங்கியிருக்கின்றது. அதையும் இந்த அவையில் மறைக்காமல் கூறிவிடக் கருதுகின்றேன்.

1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19ஆம் நாள் ‘கலை அரசி’ என்னும் தமிழ்ப்படம் வெளிவந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கினார். கே. வி. மகாதேவன் இசையமைத்தார். எம். ஜி. இராமச்சந்திரன், பி. பானுமதி, எம். என். நம்பியார், பி. எஸ். வீரப்பா, ராஜஸ்ரீ ஆகியோர் நடித்தனர். வான்வெளிப் பயணத்தையும் வேற்றுலகத்தாரையும் நம் நாட்டுத் திரையிற் காட்டிய முன்னோடிப் படங்களுள் ஒன்று அது.

கதையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். வேறொரு கோளில் விஞ்ஞானம் ஓங்கி வளர்ந்திருக்கின்றது. ஆனால் அங்கே இசை கற்பிப்பாரில்லை. ஆகவே அக்கோளத்தான் ஒருவன் கலத்தில் ஏறிப் பூமிக்கு வருகின்றான். அவனே நம்பியார். பொன்னையோ மண்ணையோ தேடி அவன் வரவில்லை, பாட்டுக் கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தேடி வருகின்றான்! வாணி என்னும் பெண்ணின் இசையைக் கேட்டு, அவளைக் கவர்ந்து சென்றுவிடுகின்றான். அவளே பானுமதி. அவளை மீட்க வானுலகம் செல்கின்ற உழவன் மோகனாக வருபவர் எம். ஜி. ஆர். அவருக்கும் இரட்டை வேடம், பானுமதிக்கும் இரட்டை வேடம்.

இப்படம் வந்த காலத்தை நினைவில் வைக்க வேண்டும். யூரி ககாரின் வானைச் சுற்றி வந்தது 1961ஆம் ஆண்டு ஏப்ரலில். அதற்கு இரண்டே ஆண்டு கழித்துத் தமிழ்த்திரையில் வான்கலம் பறந்தது. வாலண்டீனா தெரஷ்கோவா என்னும் முதற் பெண் வானிற் சென்றதோ 1963 ஜூன் மாதத்தில்தான். மெய்யான பெண் ஒருத்தி வான்வெளி காண்பதற்கு இரண்டு மாதம் முன்னரே நம் பானுமதி சென்று சேர்ந்துவிட்டார்! அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், நாம் வாழும் இக்கேரள மண்ணில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி இராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. மீனவர் குடியிருப்பும் ஒரு மாதா கோயிலும் இருந்த கடற்கரை அது. படத்திற்கும் இராக்கெட்டிற்கும் இடையே ஏழு மாதமே.

என் தந்தையாருக்கு அப்பொழுது வயது பதின்மூன்று. தென்காசிப் பக்கத்துச் சிற்றூர். படம் அவ்வூர் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர மேலும் ஓராண்டு ஆயிற்றாம். மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்தாராம். வான்கலம் இறங்கும் காட்சியில் கொட்டகை முழுவதும் மூச்சடங்கிப் போயிற்றாம். நம்பியார் தோன்றியதும் பெண்கள் பகுதியிலிருந்து வசைமொழி எழுந்ததாம். படம் முடிந்து வயல் வரப்பில் நடந்து வீடு திரும்பும்பொழுது, வானத்தை நிமிர்ந்து பாராமல், தரையைப் பார்த்தே ஓடி வந்ததாக அவர் பலமுறை கூறக் கேட்டிருக்கின்றேன். அந்தக் கொட்டகைக்கு நம்பியார் நடித்தது நடிப்பாகவே தோன்றவில்லை. நடிப்பைப் பற்றிய முதற் கருத்து அதுவே. அதைக் கருத்து என்று கூறுவதைவிட அச்சம் என்றும் வியப்பு என்றும் கூறுவதே பொருந்தும்.

அன்பர்களே! அந்நடிகர்கள் எங்கே பயின்றவர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எம். ஜி. ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். நம்பியார் நவாப் இராஜமாணிக்கம் அவர்களின் நாடகக் குழுவிற் பயின்றவர். ஒலிபெருக்கி வாய்க்காத மேடைகளில், கடைசி வரிசைத் தரைச்சீட்டுக்காரனுக்கும் கேட்கும்படி சொல்லை நிறுத்தி, அழுத்தி, உருட்டிப் பேசக் கற்றவர்கள். தொலைவில் இருப்பவன் முகம் காண மாட்டான் என்பதனால் கண்ணையும் கையையும் பெரிதாக வீசப் பழகியவர்கள். நாளைய உலகத்தைக் காட்டும் படத்தில் நேற்றைய நாடகப் பயிற்சி நடித்தது. அதுவே அன்று சிறப்பாயிற்று, பின்னர் அதுவே நகைப்பிற்கும் இடமாயிற்று.

இடையில் ஒரு சொல். நம்பியார் கண்ணூர்ப் பக்கத்தில் பிறந்தவர். எம். ஜி. ஆரின் முன்னோரும் பாலக்காட்டுப் பகுதியினர். மலையாள மண்ணின் மக்கள் தமிழ் மேடையேறித் தமிழர் நெஞ்சில் இடம்பெற்றனர். தமிழ் மண்ணின் மக்களாகிய நாம் மலையாள மண்ணில் பிழைக்க வந்து, இதோ தேவராவில் விழா எடுக்கின்றோம். கொடுத்தும் கொண்டும் வாழ்வது இவ்விரு நாட்டார்க்கும் புதிதன்று.

இனி என் பிழைக்கு வருகின்றேன்.

1995ஆம் ஆண்டு. எனக்குப் பதினைந்து வயது. நம் குடியிருப்பில் கேபிள் தொலைக்காட்சி வந்த புதிது. தந்தையார் எர்ணாகுளம் பகுதியில் கேங்மேன் வேலை பார்த்துவந்தார். பகலெல்லாம் சுத்தியலோடு தண்டவாளத்தருகே நடந்துவிட்டு, மாலையிற் களைத்து வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘கலை அரசி’ ஒளிபரப்பாகப் போகின்றது என்று கேள்வியுற்றார். அன்று அவர் நீராடி, வெள்ளை வேட்டி உடுத்தி, திருவிழாவிற்குச் செல்பவர்போல் வந்து தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தார். “வாங்கடா, உங்களுக்கு ஒரு படம் காட்டுகின்றேன்” என்று எங்களையெல்லாம் அழைத்து உட்காரவைத்தார்.

நானோ, அதற்குச் சிறிது முன்புதான் எர்ணாகுளத்துக் கொட்டகையொன்றில் ‘ஜுராசிக் பார்க்’ படத்தைக் கண்டு வந்தவன். வான்கலம் திரையில் இறங்கியதும் நான் சிரித்தேன். நம்பியார் உடையைக் கண்டு சிரித்தேன். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசியதைக் கேட்டு, அதேபோல் பேசிக் காட்டினேன். தம்பியும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தனர். “வேற்றுக் கோளிலும் எல்லாரும் தமிழ் பேசுகின்றார்களே அப்பா, அங்கேயும் நம் சங்கம் இருக்கின்றதோ?” என்று கேட்டேன். தந்தையார் விடை கூறவில்லை. சிறிது நேரம் அமர்ந்திருந்தார். பின்னர் எழுந்து, பல் குத்திக்கொண்டே வெளித் திண்ணையிற் சென்று அமர்ந்துவிட்டார். படம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவர் திரும்பி வரவில்லை.

அன்று நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நடிப்பைப் பற்றிய இரண்டாம் கருத்து அது: நகைப்பு.

இந்நகைப்பு ஏன் பிறக்கின்றது? நான் அறிந்தவரையில் காரணங்கள் சில உள. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அனுப்பிய இடத்தில் ஓர் எடையும் வந்த இடத்தில் வேறோர் எடையும் காணப்பட்டால், சரக்கைக் குறை கூறுமுன் எடைமேடையைச் சோதிக்க வேண்டும். பழைய படச்சுருளில் பதிந்த நடிப்பு மாறுவதில்லை. அது போட்ட இடத்திலே போட்டபடி கிடக்கும் சரக்கு. எடை மாறிற்றென்றால் தராசையே பார்க்க வேண்டும்.

முதற் காரணம், நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். 1969ஆம் ஆண்டு ஜூலையில் மனிதன் நிலவில் நடந்ததை உலகம் தொலைக்காட்சியிற் கண்டது. வான்வெளி மனிதன் எவ்வாறு அசைவான், எத்தகைய உடை உடுத்துவான் என்பதெல்லாம் சிறுவனுக்கும் தெரிந்துபோயிற்று. அதற்கு முன் நடித்தவர்களுக்கு ஒப்பு நோக்க ஒன்றுமில்லை. கண்டறியாததைக் கண்டதுபோல் நடிக்க வேண்டியிருந்தது. தேர்வு முடிந்த பின் வினாத்தாளை வெளியிட்டு, முன்னரே எழுதியவனைத் தவறென்று அடிப்பது போன்றது நம் நகைப்பு.

இரண்டாவது காரணம், நாம் முழுப்படத்தையும் காண்பதில்லை. இதற்கு மேனாட்டு எடுத்துக்காட்டு ஒன்று கூறுகின்றேன். 1927இல் ஜெர்மனி நாட்டில் ஃப்ரிட்ஸ் லாங் என்பவர் ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் ஊமைப்படத்தை வெளியிட்டார். பிரிகிட்டே ஹெல்ம் என்னும் இளம் நடிகை அதில் தூய உள்ளம் படைத்த பெண்ணாகவும், அவளைப்போலவே செய்யப்பட்ட இயந்திரப் பெண்ணாகவும் தோன்றினார். விஞ்ஞானக் கதைகளுக்குத் தந்தையெனப் போற்றப்பட்ட எச். ஜி. வெல்ஸ் அவர்களே அப்படத்தை மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார். படம் நெடிதென்று வெட்டியும் குறைத்தும் விட்டனர். போதாக்குறைக்கு, ஊமைப்படங்களைப் பிற்கால இயந்திரங்களில் விரைவாக ஓட்டும்பொழுது நடிகர்கள் பொம்மைபோல் துடித்தனர். ‘பழைய நடிப்பு’ என்று சொல்லி மக்கள் சிரித்தனர். 2008ஆம் ஆண்டு, அர்ஜென்டினாவின் தலைநகரில், வெட்டுண்ட பகுதிகள் அடங்கிய படச்சுருள் ஒன்று கிடைத்தது. 2010இல் படம் ஏறத்தாழ முழுமையாக மீண்டும் திரையேறியது. ஃப்ரிட்ஸ் ராஸ்ப் என்பவர் நடித்த ஒற்றனின் பகுதி, அதுவரை வந்தும் வராததுமாய் இருந்தது, அப்பொழுதுதான் ஒரு முழு மனிதனாக விளங்கிற்று. எண்பது ஆண்டுகளாக அந்நடிகரை மக்கள் கண்டது அரைகுறையாகவே. குறை அவருடையதன்று. கத்தரிக்கோலுடையது.

மூன்றாவது காரணம் விந்தையானது. நடிகரின் பிற்கால வாழ்வு முற்கால நடிப்பின்மேல் நிழல் வீசுகின்றது. 1956இல் வந்த ‘பார்பிடன் பிளானட்’ என்னும் அமெரிக்கப் படத்தில் லெஸ்லி நீல்சன் வான்கலத் தலைவராக, மிடுக்கோடு நடித்தார். அன்று எவரும் சிரிக்கவில்லை. 1980இல் ‘ஏர்பிளேன்’ என்னும் நகைச்சுவைப் படத்தில், அதே மிடுக்கான முகத்தோடு பேசி உலகையே சிரிக்கவைத்தார். அதன்பின் பழைய படத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கு, அவர் கட்டளையிடும் இடமெல்லாம் சிரிப்பு வந்தது. முகத்தில் ஒரு கோடும் மாறவில்லை. பார்ப்பவர் நினைவே மாறிற்று.

நம் நம்பியாருக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை. ஒரு தலைமுறை அவரை மெய்யான கொடியவர் என்றே எண்ணி அஞ்சியது. அடுத்த தலைமுறை, பலகுரற் கலைஞர்கள் அவர்போல் கையைப் பிசைந்து காட்டியதைக் கண்டு சிரித்தது. பின்னர், 1982இல் ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் நல்லுள்ளம் கொண்ட பெரியவராக வந்து அனைவரையும் கவர்ந்தார். அவர் ஆண்டுதோறும் சபரிமலை ஏறிய குருசாமி என்பதும், சொந்த வாழ்வில் ஒழுக்கம் மிக்கவர் என்பதும் ஊரறிந்தன. 2008இல் அவர் மறைந்தபொழுது, “அவ்வளவு நல்லவரா நம்மை அவ்வளவு அஞ்சவைத்தார்!” என்று மக்கள் வியந்தனர். நல்லவர் கொடியவராகத் தோன்றுவது எத்துணைக் கடிய தொழில் என்பது அப்பொழுதே விளங்கிற்று.

நான்காவதாக, நடிப்பின் நோக்கமே பிந்திப் புரிவதும் உண்டு. 1968இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தைக் கண்டு பலர் பாதியில் எழுந்து சென்றனர். வான்வீரர்கள் மரக்கட்டைபோல் பேசுகின்றனர் என்று குறை கூறினர். பின் வந்தவர்கள் வேறு கண்ணாற் கண்டனர். மனிதர்கள் இயந்திரம்போல் பேச, கலத்தின் கணிப்பொறியோ மனிதனைப்போல் அஞ்சி இறைஞ்சுகின்றது. அதற்குக் குரல் தந்தவர் டக்ளஸ் ரெய்ன். மனிதரின் மரத்த பேச்சு இல்லாவிடில் அந்தக் குரலின் துயரம் நம்மைத் தைக்காது. குறையென்று கூறப்பட்டதே பொருளாயிற்று.

ஆயினும் ஒன்றைக் கூறிவிட வேண்டும். பழையது என்ற ஒரே காரணத்தால் எல்லாம் பொன்னாகிவிடாது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கருடன் கூடி எடுத்து 1952இல் வெளியிட்ட ‘காடு’ என்னும் படத்தில், யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்தி, பண்டைக்கால மாமத யானையென்று காட்டினர். அதை இன்று கண்டால் நான் சிரிப்பேன். யானைகளே சிரித்திருக்கும்! முயற்சியைப் போற்றலாம், போர்வையைப் போற்ற வேண்டியதில்லை. ‘கலை அரசி’யிலும் தளர்ந்த இடங்கள் உண்டு. ஆனால் பொருளைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அப்பொருளுக்கு முன் நின்று, அது மெய்யென்று நம்பி நடித்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பது வேறு.

நான் கண்டு மயங்கிய ‘ஜுராசிக் பார்க்’ நடிகர்களும் பல காட்சிகளில் வெற்றிடத்தைப் பார்த்தே அஞ்சினர். பின்னர் கணிப்பொறி அவ்விடத்தில் விலங்கை வரைந்து நிரப்பிற்று. பானுமதியும் வெற்றிடத்தைப் பார்த்தே அஞ்சினார். அதை நிரப்பித்தர அன்று இயந்திரம் இல்லை. கொட்டகையின் மணற்குவியலில் அமர்ந்திருந்த பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவர்களே தங்கள் கற்பனையால் நிரப்பித் தந்தனர். அவ்வாறு நிரப்பியவர்களுள் ஒருவரை, என் வீட்டுக் கூடத்தில் வைத்தே நான் நகையாடினேன்.

2001ஆம் ஆண்டு என் தந்தையார் பணியில் இருக்கும்பொழுதே காலமானார். அவர் இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கீழ்நிலைப் பணியிற் சேர்ந்து, தேர்வெழுதி எழுத்தரானேன்.

2010ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ‘எந்திரன்’ வெளிவந்தது. சங்கர் இயக்கம், இரஜினிகாந்த் இரட்டை வேடம். விஞ்ஞானி வசீகரனும் அவரே, இயந்திரன் சிட்டியும் அவரே. முதல் வாரமே சென்று கண்டேன். இதற்கு மேல் ஒரு படம் உண்டோ என்று கொண்டாடினேன். சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளை அழைத்து உட்காரவைத்து அப்படத்தைக் காட்டினேன். வெள்ளை வேட்டி உடுத்தவில்லையே தவிர, மற்றெல்லாம் பழைய ஞாயிற்றுக்கிழமைபோலவே.

படத்தின் இறுதிப் பகுதியில், இயந்திரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருண்டையாகவும் பாம்பாகவும் மாறும் இடத்தில் அவள் சிரித்தாள். “விளையாட்டுப் பொம்மைபோல் இருக்கின்றதே அப்பா” என்றாள். எனக்குச் சொல் எழவில்லை. எழுந்து வெளியே செல்லலாமா என்று தோன்றிற்று. திண்ணையை நோக்கி என் கால் நகர்ந்த அக்கணத்தில்தான், பதினைந்து வயதில் நான் செய்தது இன்னதென்று எனக்குப் புலப்பட்டது.

உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் தாயார் மெல்ல வெளியே வந்தார். எங்கள் வீட்டில் அவர் அதிகம் பேசுபவர் அல்லர். அன்று கூறினார்: “உங்கப்பாவும் இப்படித்தாம்ல எந்திரிச்சுப் போனாவ. அவுக ராக்கெட்டுக்காவயா அந்தப் படத்தப் பாத்தாவ? ஊரவிட்டு ஒரு பொம்பளையத் தூக்கிட்டுப் போயி, தெரியாத சனத்துக்கு நடுவுல பாட்டுச் சொல்லிக்குடுன்னு வச்சிருக்கான். அவ அங்க இருந்துக்கிட்டு ஊர நெனச்சு அழுதா. கடைசில திரும்பி வந்துட்டா. செங்கோட்டையில ரயில் ஏறி மொத மொத இங்க வரும்போது அந்தப் படத்தத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன், நாமளும் திரும்பிருவோம்னு அவுக எங்கிட்டச் சொன்னாவ.”

அன்பர்களே, அதன்பின் நான் அப்படத்தைத் தேடியெடுத்து, தனியே அமர்ந்து மீண்டும் கண்டேன். இம்முறை வான்கலத்தை நான் பார்க்கவில்லை. பானுமதி அவர்களின் முகத்தைப் பார்த்தேன். அவர் பாடகி. 1953இலேயே ‘சண்டிராணி’ படத்தை மூன்று மொழிகளில் இயக்கிய திறனாளர். அவர் வேற்றுக்கோளில் நிற்கும்பொழுது, ‘இது எந்த இடம்? இங்கே எனக்கு யார் உண்டு?’ என்று வினவுவதுபோல் ஒரு பார்வை. அந்தப் பார்வையை நான் முன்னரே கண்டிருக்கின்றேன். ஊரிலிருந்து புதிதாக வந்து, கையில் ஒரு துணிப்பையோடு, மொழி புரியாமல் எர்ணாகுளம் சந்திப்பில் நிற்கின்ற நம்மவர் முகத்தில் நாள்தோறும் கண்டிருக்கின்றேன். நம் பெற்றோர் முகத்திலும் ஒருநாள் அது இருந்திருக்கும். என் தந்தையார் ஐம்பது ஆண்டுகட்கும் மேலாக முன்னர்க் கண்ட நடிப்பு அது. எனக்குக் காண நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. மூன்றாம் கருத்து இதுவே. இதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை. அறிந்து மதித்தல் என்று கூறலாம்.

வாணி திரும்பினாள். என் தந்தையார் திரும்பவில்லை. தேவராவிலேயே அவர் காலம் முடிந்தது. “அன்று சிரித்தது தவறு, அப்பா” என்று கூற எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆகையால் இன்று உங்கள் முன்னிலையிற் கூறுகின்றேன்.

என் மகளின் செய்தியையும் முடித்துவிடுகின்றேன். பாட்டி கூறியதைக் கேட்ட பின் அவள் ‘எந்திரன்’ படத்தைத் தானே மீண்டும் பார்த்தாள். கெட்டுப்போன சிட்டி, கூட்டத்தில் ஒளிந்திருக்கும் வசீகரனைத் தேடி ஆட்டைப்போல் கத்திக் காட்டும் இடத்தில், “இதற்குக் கணிப்பொறி தேவையில்லையே அப்பா, இது அந்த மனிதரே செய்வது” என்றாள். சிட்டி தன்னைத்தானே ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி விடைபெறும் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உருண்டையும் பாம்பும் பழையவாகும். அந்த ஆட்டுக்குரல் பழையதாகாது என்று நான் நம்புகின்றேன்.

இத்தகைய படங்கள் பயனற்ற கட்டுக்கதை என்று எண்ண வேண்டா. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள் விழுப்புரத்து இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன். இரயில்வேக் குடியிருப்பிலே பிறந்த நம் குழந்தைகள் நிமிர்ந்து கேட்க வேண்டிய செய்தி இது. வானத்தை நிமிர்ந்து பார்க்க அஞ்சித் தரையைப் பார்த்து ஓடினார் என் தந்தை. அவர்போன்ற தொழிலாளி ஒருவரின் மகன் நிலவிலே கலம் இறக்கினார். இவ்விரண்டிற்கும் இடையே அறுபதே ஆண்டுகள்.

நம் பிள்ளைகள் சிரிப்பதை நான் குறை கூறவில்லை. சிரிப்பது இளமையின் உரிமை. ஆனால் ஒன்று. பழைய நடிகரின் நிறுத்தி அழுத்திய தமிழைக் கேட்டு அவர்கள் சிரிக்கும்பொழுது, நடிப்போடு மொழியும் நகைப்பிற்கு உரியதாகிவிடுகின்றது. ‘கலை அரசி’யில் வான்கோளத்தார் அனைவரும் தங்கு தடையின்றித் தமிழ் பேசுகின்றனர். தேவராவிலோ, வீட்டு வாயிலைத் தாண்டினால் நம் பிள்ளைகள் தமிழ் பேசக் கூசுகின்றனர். எது வேற்றுக்கோள் என்று எனக்கு ஐயம் வருகின்றது!

ஆகையால் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை, இம்மண்டபத்திலேயே பழைய படமொன்றைக் காட்டுவோம். திரையும் விளக்கும் நம் இளைஞர்களிடமே உள்ளன. பெருஞ்செலவில்லை. ஆனால் படம் தொடங்குமுன், அதை முதன்முதலில் கொட்டகையிற் கண்ட முதியவர் ஒருவர் எழுந்து, எந்த ஊரில், யாரோடு, எத்தனை காசு கொடுத்துப் பார்த்தேன், எந்த இடத்தில் அழுதேன் என்று ஐந்து நிமிடம் கூறட்டும். அதன்பின் பிள்ளைகள் சிரிக்க விரும்பினால் சிரிக்கட்டும். அவ்வைந்து நிமிடமே தராசைச் சரிசெய்யப் போதும். நம் குடியிருப்பில் அவ்வாறு கூறத்தக்க முதியவர்கள் இன்னும் சிலரே உள்ளனர். காலம் தாழ்த்த வேண்டா.

என் தாயாரும் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். முதல் மாதம் பேச அவரை வற்புறுத்துவேன். அவர் மறுப்பார். நீங்களும் என்னோடு சேர்ந்து வற்புறுத்த வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது. திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசிய சிறுவர்கள் எட்டிப் பார்க்கின்றனர். இன்றைய நாடகத்தில் அட்டையால் செய்த வாளும் பஞ்சால் ஒட்டிய தாடியும் வரும் என்று அறிகின்றேன். வாள் வளைந்தாலும் தாடி நழுவினாலும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள் என்று கேட்டு அமர்கின்றேன்.